காவலுக்கு வைத்த கேமரா, சாவி யார் கையில்?



"உங்க ஐ.பி. நம்பர் வெளியே தெரிஞ்சா, வீட்டு வாசலுக்கே ஆள் வந்துடும்" என்று ஒரு வாட்ஸ்-அப் செய்தி எங்கள் குடியிருப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதிர் வீட்டு அக்கா பயந்துபோய் மொபைலில் கரண்ட் பில் கட்டுவதையே நிறுத்திவிட்டார். மூன்றாவது மாடியில் இருக்கும் கல்லூரிப் பெண், அந்த நம்பரை மறைப்பதற்கென்றே மாதச் சந்தா கட்டி ஏதோ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள். ஆனால் இந்த இரண்டு வீட்டு ஹாலிலும் ஒரு கேமரா, கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டோடு அப்படியே தொங்குகிறது! அதைப் பற்றி யாருக்கும் பயமில்லை. பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்று சகோதரிகள் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் அந்த நம்பர் என்ன என்று பார்ப்போம். கூரியரில் புடவை வரவழைக்கிறோம். விலாசம் எழுதாமல் வருமா? இன்டர்நெட்டும் அப்படித்தான். நாம் கேட்கும் படமோ, செய்தியோ, சமையல் குறிப்போ நம் வீட்டு ரூட்டர் பெட்டிக்குத் திரும்பி வந்து சேர ஒரு எண் வேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இப்படி எழுதினால் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி நம்பர்தான் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு மொபைல் வைத்திருக்கும் காலத்தில் அது எப்படிப் போதும்? அதனால் இதைவிட நீளமான புது வகை நம்பரும் வந்துவிட்டது. பழைய வகையில், ஒரே நம்பரைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் நம்பர் நாளைக்கு மாறியும் போகலாம்.

ஆக, நாம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த நம்பர் அங்கே போயே தீரும். அதை வைத்து எந்தக் கம்பெனி கனெக்‌ஷன், ஏறக்குறைய எந்த ஊர் என்று சொல்லலாம். கதவு எண், தெருப் பெயர் எல்லாம் அதில் இல்லை. ஊர்கூடப் பல சமயம் தப்பாகத்தான் வரும். திருச்சியில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சென்னைக் கடைகளின் விளம்பரம் வருவது அதனால்தான் போலிருக்கிறது.

இந்தத் தப்பு ஒரு வயதான அம்மாவை என்ன பாடு படுத்தியது தெரியுமா? அமெரிக்காவில் மேக்ஸ்மைண்ட் என்று ஒரு கம்பெனி, எந்த நம்பர் எந்த ஊர் என்று பட்டியல் போட்டு விற்கிறது. "அமெரிக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத நம்பர்களுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் அந்த அம்மாவுக்குச் சொந்தமான ஒரு பண்ணை நிலத்தில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட நம்பர்கள் அந்த ஒரே இடத்தைக் காட்டின! எங்கோ எவனோ செய்த மோசடிக்கெல்லாம் போலீஸும், ஏமாந்தவர்களும், காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறவர்களும் பல வருடம் அந்த வீட்டுக் கதவையே தட்டினார்கள். 2016-ல் இது செய்தியாக வந்த பிறகுதான், புள்ளியை நகர்த்தி ஓர் ஏரியின் நடுவில் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸார் அந்த ஐ.பி. நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவர் அனுப்பவில்லை. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லாததால் வேறு யாரோ அதில் புகுந்து அனுப்பியிருந்தார்கள். இது தெளிவாவதற்குள் அந்த மனிதர் விசாரணை மேல் விசாரணை என்று பட்ட பாடு கொஞ்சமல்ல. எந்த நேரத்தில் எந்த நம்பர் யார் பெயரில் இருந்தது என்பது கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியிடம் இருக்கும். போலீஸ் முறைப்படி கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாடி வீட்டுப் பையன் "ஆன்ட்டி, வைஃபை பாஸ்வேர்டு ப்ளீஸ்" என்று வந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் எத்தனை நண்பர்களுக்குச் சொல்வான்?

சரி, நம்பரை மறைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் நம் சகோதரிகள் ஏமாந்துபோகிறார்கள். நம் நம்பரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை! மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அந்தப் பழைய வகை நம்பர்கள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடலாம். நாம் குக்கர் வைத்து, ரசம் தாளித்து இறக்கும் நேரம்! அவர்கள் நல்ல காரியத்துக்குச் செய்தார்கள். திருடனுக்கும் வழி அதுதான். தெருவில் ஒரு வீடு விடாமல் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு உங்கள் விலாசம் எதற்கு? எந்தக் கதவு திறக்கிறது என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

அந்தத் திறந்த கதவு பெரும்பாலும் எது? நாம் காவலுக்கென்று காசு கொடுத்து வாங்கி மாட்டிய கேமராதான்.

ஆபீஸிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். மாட்ட வருகிறவர் ரூட்டரில் ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். சில கேமராக்கள் நம்மைக் கேட்காமல் தாங்களே ரூட்டரிடம் சொல்லி வழி திறந்துகொள்ளும். பிறகு நாம் பார்க்கிற வழியிலேயே வேறு எவனும் வந்து நிற்கலாம். நடுவில் இருக்கும் ஒரே பூட்டு அந்த பாஸ்வேர்டு. அதுவும் கம்பெனியில் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாகப் போட்டது என்றால் பூட்டு எங்கே இருக்கிறது? 2016-ல் மிராய் என்ற புரோகிராம் செய்தது இதைத்தான். 60-க்கும் மேற்பட்ட கம்பெனி பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து வைத்துக்கொண்டது. அந்தப் படையை ஏவி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாவற்றையும் திணறடித்தார்கள்.

அது கம்பெனிகளின் கஷ்டம் என்று விட்டுவிடலாம். 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் நடந்ததை அப்படி விட முடியாது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பரிசோதனை அறையில் கேமரா. அங்கே டாக்டரிடம் காட்டிக்கொள்ள வந்த பெண்களின் காட்சிகள் யூடியூபில் வந்தன, டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டன. போலீஸ் பிடித்தது. ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? அந்த அறையில் கேமரா வைக்க யார் யோசனை சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆஸ்பத்திரியோ துணிக்கடையோ, உள்ளே நுழைந்ததும் மேலே ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். கேமரா இருந்தால், "இது எதுக்கு? யார் பார்க்கிறாங்க?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீட்டுக்கும் மொத்தமாக ஒரே கடையில் சொல்லி கேமரா போட்டார்கள். வேலை முடிந்ததும் நான், "தம்பி, பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டேன்.

"அது சாருக்குத் தெரியும்மா, உங்களுக்கு எதுக்கு?" என்றார் அந்தப் பையன்.

"சார் காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வர்றார். பகல் பூரா அந்தக் கேமரா முன்னால நடமாடுறது நான்தானே?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டில் விசாரித்தால் அங்கேயும் அதே பாஸ்வேர்டு! பன்னிரண்டு வீட்டுக்கும் ஒன்றே, கடைப் பெயரும் 123-உம். போதாததற்கு, கடைக்காரருடைய மொபைலிலும் எங்கள் வீட்டு ஹால் தெரிந்துகொண்டிருந்தது. "சர்வீஸுக்காகம்மா" என்று சமாதானம் வேறு. அன்றைக்கே நின்று மாற்ற வைத்தேன். என் வீட்டுக்காரர் முதலில், "ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார். கடைக்காரர் மொபைலில் நம் சோபா தெரிந்ததைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கவில்லை.

என் கருத்து இதுதான். வீட்டுச் சாவியும் பீரோ சாவியும் நம் இடுப்பில்தானே இருக்கின்றன? கேமராவின் பாஸ்வேர்டு மட்டும் ஏன் ஆண்கள் சமாச்சாரம் ஆனது? தலை துவட்டிக்கொண்டு ஹாலுக்கு வருவது நாம், குழந்தைக்குப் பால் கொடுப்பது நாம், வெயிலுக்கு நைட்டியோடு அக்கடா என்று படுப்பது நாம். யார் யார் பார்க்க முடியும் என்பது நமக்குத் தெரியாமல் இருக்கலாமா? அதேபோல வேலைக்கு வரும் பெண்மணிக்கும் அங்கே கேமரா இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அவளும் நம்மைப் போல ஒரு பெண்தான். படுக்கையறைக்கும், துணி மாற்றும் இடத்துக்கும் கேமராவே வேண்டாம்; வாசலுக்கும் படிக்கட்டுக்கும் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியதும் பெரிய வித்தையில்லை. கேமரா அல்லது டி.வி.ஆர். பெட்டி, ரூட்டர், மொபைலில் இருக்கும் ஆப், மூன்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மூன்றுக்கும் வேறு வேறாக. இப்போது வருகிற பல கேமராக்கள் ரூட்டரில் வழி திறக்காமல், கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாகவே படத்தைக் காட்டும். அதற்கு அந்த ஆப்பின் பாஸ்வேர்டுதான் வாசல் கதவு. ஓ.டி.பி. கேட்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆப்பில் 'ஷேர்' என்று ஒரு இடம் இருக்கும். யாருக்கெல்லாம் பங்கு போயிருக்கிறது என்று அதில் தெரியும், வேண்டாதவர்களை நீக்கிவிடலாம். மாட்ட வருகிறவரிடம், "ரூட்டரில் யு.பி.என்.பி. நிறுத்தியாச்சா? வெளியிலேர்ந்து ஏதாவது போர்ட் திறந்து வச்சிருக்கீங்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கேட்கிற தினுசிலேயே அவர் உஷாராகிவிடுவார். "ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்குங்க" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று விளக்கம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள், அது மாறாத நிரந்தர நம்பர், சாதாரண வீட்டுக்கு அவசியமே இல்லை. மாடி வீட்டுப் பெண் சந்தா கட்டி வாங்கியதைப் பற்றியும் கேட்பீர்கள். அது அவள் திறக்கிற பக்கங்களுக்கு அவள் நம்பரை மறைக்கும், அவ்வளவுதான். கேமரா தொங்குகிற கதவை அது சாத்தாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி எளிய பாஸ்வேர்டு போட்டு விற்பதற்கே தடை வந்துவிட்டது. நம் நாட்டிலும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது, 2025 ஏப்ரலிலிருந்து. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே நம் சுவரில் தொங்குவதை எந்த அதிகாரியும் வந்து சோதிக்கப் போவதில்லை.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால், வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று மூடி வைக்காதீர்கள். 1930 என்ற நம்பர் பணம் போனவர்களுக்கு; இந்த மாதிரி படம், வீடியோ விஷயங்களுக்கு மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஒருவருடைய அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் படம் பிடித்தாலோ, பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

எங்கள் குடியிருப்பில் இதுவரை ஒன்பது வீட்டில் பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது. மீதி மூன்று வீட்டில், "சார் வரட்டும், கேட்டுச் சொல்றோம்" என்கிறார்கள்.

— ஒரு வாசகி, திருச்சி.