தாமிர நாட்டு ராக் கோஷ்டி

கிடார் ஒலியை வளைத்து நெளித்துக் கேட்பவர் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் 'சைக்கடெலிக் ராக்' சங்கீதம் வெள்ளைக்காரர் சொத்து என்றா நினைத்தீர்கள்? ஆப்பிரிக்காவின் தாமிர நாடான ஜாம்பியாவில், 1970-களில், வானொலியில் பெரும்பாலும் உள்நாட்டுப் பாட்டே ஒலிக்க வேண்டுமென்று ஜனாதிபதி கவுண்டா உத்தரவு போட்டார். பிறகு கேட்பானேன்? புதுப் புதுக் கோஷ்டிகள் முளைத்தன! அவற்றில் பேர்போனது 'விட்ச்'. சூனியக்காரி என்று அர்த்தம். பயப்படாதீர்கள், பெயர்தான் அப்படி. பாடகர் இம்மானுவேல் சாண்டாவை, மிக் ஜாகரை நினைத்து 'ஜகாரி' என்றே ஜனங்கள் அழைத்தார்கள்.

தாமிர விலை சரிந்தது, கச்சேரிகள் ஓய்ந்தன. தோழர்களில் பலரை எய்ட்ஸ் நோய் கொண்டு போயிற்று, பாவம். ஜகாரி ரத்தினக் கல் தோண்டப் போனார்.

பல வருஷங்கள் கழித்து வெளிநாட்டு ரசிகர்கள் அந்தப் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023-ல் 'விட்ச்' பெயரில் 'ஸாங்கோ' என்ற புது ஆல்பம் வந்தது. ஆரம்பக் கோஷ்டியில் மிச்சம் ஜகாரி ஒருவர்தான்.