உண்ணாத பயிரை ஏன் விதைக்க வேண்டும்?



நம் வீட்டுக் கொல்லைகளில் முருங்கையும் வாழையும், கறிவேப்பிலையும் கத்தரியும் செழித்திருந்த காலம் ஒன்றிருந்தது. எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால் உம்மாவின் கை முதலில் கொல்லைக் கதவைத்தான் திறக்கும். இன்றோ அதே இடத்தில் கத்தரி நட்டால் சாண் உயரத்தோடு நின்றுவிடுகிறது. வெண்டை இரண்டு காய் காய்த்து மஞ்சளித்துப் போகிறது. "இந்த மண்ணில் இனி ஒன்றும் விளையாது, சிமென்ட் பூசிவிட்டால் பெருக்கவாவது வசதியாக இருக்கும்" என்று வாப்பா சொல்ல, பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புமுன் அந்த மண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மாதத் தவணை கொடுங்கள் என்பதே இம்மாதம் நாம் விடுக்கும் வேண்டுகோள்.

அந்த மண் பசித்துக் கிடக்கிறது. ஆண்டாண்டாகக் காயும் கீரையும் பறித்துக்கொண்ட நாம், அதற்குத் திருப்பிக் கொடுத்தது என்ன? முன்பு சருகும் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் கொல்லையிலேயே மக்கின. இப்போது அவை குப்பை வண்டியில் ஏறிவிடுகின்றன. ஒரு பிடி யூரியா போட்டால் செடி நான்கு நாள் பசுமை காட்டும். ஆனால் யூரியாவில் தழைச்சத்து உண்டே தவிர, மண்ணைப் பஞ்சுபோல் ஆக்கும் மக்கு இல்லை. மக்கு இல்லாத மண்ணில், அதிலும் கடற்கரை ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில், ஊற்றிய நீரும் இட்ட உரமும் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகின்றன.

இதற்குப் பரிகாரமாக உழவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருவது பசுந்தாள் உரம். வேறிடத்திலிருந்து வேம்பு, புங்கு, எருக்கு, ஆவாரை ஆகியவற்றின் தழைகளை ஒடித்து வந்து இடுவதைப் பசுந்தழை உரம் என்பர். நிலத்திலேயே ஒரு பயிரை வளர்த்து, அங்கேயே மடக்கிப் புதைப்பது பசுந்தாள் உரம். சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியன இதற்கு ஏற்றவை. மணற்பாங்கான, நீர் தேங்காத இடத்திற்குச் சணப்பை பொருந்தும். நீர் தேங்கும் இடத்திற்கும் உவர் மண்ணுக்கும் தக்கைப்பூண்டே சிறந்தது. கொழிஞ்சி வறட்சியைத் தாங்கும். ஆனால் மெதுவாகவே வளரும்.

இவை யாவும் அவரை இனத்தைச் சேர்ந்தவை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதை நேரே உண்ண இயலாது. அவரை இனச் செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றுள் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் 1888ஆம் ஆண்டில் இந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். காரணம் தெரிவதற்கு நெடுங்காலம் முன்னரே பலன் தெரிந்திருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், மாசிடோனியாவிலும் தெசாலியிலும் அவரை இனப் பயிரைப் பூக்கும் பருவத்தில் உழுது புதைக்கும் வழக்கத்தைக் குறித்து வைத்துள்ளார். முஸ்லிம் ஸ்பெயினில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண்மை நூலில் மண்ணையும் உரங்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

இனி செய்முறைக்கு வருவோம். பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்கு ஏறத்தாழ 50 கிராம் விதை போதும். ஒரு சென்ட் நிலமாயின் 200 கிராம் வேண்டும். தக்கைப்பூண்டு விதையை முந்தின இரவே நீரில் ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும். மண்ணைக் கொத்தி, விதையை நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒளூச் செய்யும் நீர் சோப்புக் கலவாதது. அதனை ஒரு சிறு வாய்க்கால் வழியே பாத்திக்குத் திருப்பிவிட்டால் தனியே நீர் சுமக்கும் வேலையும் குறையும். வீட்டில் குர்பானிக்கு ஆடு வளர்ப்பவர்கள் வேலி கட்டுவது அவசியம். இல்லையேல் ஒரு மாத உழைப்பை அது ஒரு நாழிகையில் தீர்த்துவிடும்! சணப்பை விதை ஆடு, கோழிகளின் வாய்க்கு எட்டாதிருக்கட்டும்.

ஒரு மாதம் கழிந்தபின் பிள்ளைகளை அழைத்து, ஒரு செடியை வேரோடு தோண்டி எடுத்துக் காட்டுங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்நிறம் நுண்ணுயிர்கள் வேலை செய்வதற்கு அடையாளம். பாடநூலில் படிப்பதை விட இது அவர்கள் மனத்தில் ஆழப் பதியும்.

ஏறத்தாழ 45ஆம் நாளில் பூ அரும்பும். இந்தக் கட்டத்தில்தான் பலர் தவறிவிடுகின்றனர். "இவ்வளவு அழகாக நிற்கிறதே, இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று மனம் தயங்கும். தயங்கலாகாது. பூ முற்றிக் காய் பிடித்தால் சத்து விதைக்குப் போய்விடும்; தண்டு நாராகி மக்குவதற்கு நாளாகும். நார்த்தண்டு மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்வதால், அடுத்து நடும் செடி சில காலம் வாடும். ஆகவே பூக்கத் தொடங்கியதும் அறுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, அரையடி ஆழத்திற்குள் மண்ணோடு கலந்து கொத்திவிட்டு, நீர் தெளித்து வாருங்கள். பத்தடிப் பாத்தியில் பயிர் நன்றாக வந்திருந்தால் 15 முதல் 20 கிலோ வரை பசுந்தழை கிடைக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, தழை அடையாளம் தெரியாமல் மக்கியபின் நாற்று நடலாம். அவசரப்பட்டு உடனே நட்டால், தழை மக்கும் சூட்டில் இளவேர் கெடும்.

"நாற்பத்தைந்து நாள் நீர் ஊற்றி வளர்த்ததை உண்ணாமல் வெட்டிப் புதைப்பதா? கீரை போட்டிருந்தால் நான்கு வேளைக் கறிக்கு ஆகியிருக்குமே" என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. சத்து வற்றிய மண்ணில் போட்ட கீரை எப்படி வந்தது என்பதை அவரே அறிவார். நான்கு வேளைக் கறியை விட்டுக்கொடுத்தால், அடுத்து நடும் கத்தரியும் வெண்டையும் ஊன்றி நிற்பதற்கு மண் தயாராகிறது.

ஒரே தடவையில் எல்லாம் சீராகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். மக்கு கரைந்துகொண்டே இருப்பது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதனைச் செய்து வரவேண்டும். பசுந்தாள் உரம் சிறப்பாகத் தருவது தழைச்சத்தையே. மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் மக்கிய ஆட்டெருவும் அடுப்புச் சாம்பலும் அளவோடு சேர வேண்டும். தென்னை உள்ளவர்கள் மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியிலேயே சணப்பையைத் தூவி மடக்கிவிடலாம். விதைக்க இடமற்றவர்கள் வேலியோரம் கிளைரிசிடியா நட்டு, அவ்வப்போது கிளை கழித்துத் தழையை இடலாம்.

சிமென்ட் பூசிய கொல்லையில் மழைநீர் இறங்காது. வருங்காலத்தில் பேரப்பிள்ளைகள் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்ற விரும்பினாலும் இடமிராது. நம் கைக்கு வந்த மண் நமக்குப் பின்னரும் பிறர்க்குப் பயன்பட வேண்டிய அமானிதமன்றோ? முழுக் கொல்லையையும் ஒரே நாளில் கொத்த வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன் ஒரு பாத்தியில் 50 கிராம் விதையைத் தூவிப் பாருங்கள். மற்றப் பாத்திகளை என்ன செய்வது என்பதை அந்த ஒரு பாத்தியின் விளைச்சலைக் கண்டபின் முடிவு செய்யலாம்.