துப்பாக்கிக்கு மேக்கப் எதுக்கு மாப்ள?

சித்தப்பா புதுசாக ஒரு 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். உடனே ஜமீன் பரம்பரை என்று நினைக்க வேண்டாம். ராணுவத்தில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது பக்கத்து ஊரில் ஒரு வங்கிக் கிளையில் கன்மேன். இந்த வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துப்பாக்கியும் உன்னுடையது, லைசென்ஸும் உன்னுடையது. பழைய சிங்கிள் பேரல் ஆட்டம் கண்டுவிட்டதால் கடன் வாங்கி இதை வாங்கினார்.

போட்டோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "மாப்ள, கட்டைய கழட்டிட்டு மடக்குற ஸ்டாக் போடு." "முன்னாடி டார்ச் மாட்டு, கெத்தா இருக்கும்." "கேமோ ஸ்டிக்கர் ஒட்டுடா." "பேரலைக் கொஞ்சம் கட் பண்ணா செம லுக்கு." நாற்பது மெசேஜ் வந்தது. "லோடு ஆகியிருக்கா?" என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

அந்த நாற்பது பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். என்னையும் சேர்த்து நாற்பத்தொன்று.

முதலில் பேரலை வெட்டச் சொன்ன விஞ்ஞானிக்கு. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவைப் படிக்கவும். அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம். கெத்து கிடைக்காது, ஜெயில்தான் கிடைக்கும். ஒரு துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாமே லைசென்ஸ் உள்ளவர்கள் செய்கிற வேலை. அமெரிக்காக்காரன் ரெமிங்டன் 870-ஐ 1950-லிருந்து விற்கிறான். அங்கே அதற்கு உதிரி பாகம் கடை கடையாகத் தொங்குகிறது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நெய்வேலியில் உட்கார்ந்து அளவெடுத்தால் எப்படி?

நம் நாட்டிலும் பம்ப் ஆக்‌ஷனை கஸ்டமைஸ் செய்திருக்கிறார்கள். 2016-ல் காஷ்மீரில் பெல்லட் பட்டுப் பலர் பார்வையை இழந்தார்கள். அதற்குப் பிறகு 2017-ல் சி.ஆர்.பி.எஃப். தன் பம்ப் துப்பாக்கிகளின் வாயில் டிஃப்ளெக்டர் மாட்டியது. ரவை மேலே பறந்து முகத்தில் படுவது குறைய வேண்டும் என்பதற்காக. அது போதுமா இல்லையா என்பது தனிச் சண்டை. ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணமாவது இருந்தது. கேமோ ஸ்டிக்கருக்கு என்ன காரணம்? வங்கி வாசலில் எந்தப் புதருக்குள் ஒளியப் போகிறார் சித்தப்பா?

சரி, புதுத் துப்பாக்கிக்கு என்னதான் செய்ய வேண்டும்? சுத்தம் செய்ய வேண்டும். கேட்கச் சப்பென்று இருக்கிறதா? புதுசுதானே, எதற்குச் சுத்தம் என்றுதான் நானும் கேட்டேன். கடையிலிருந்து வரும்போது துரு பிடிக்காமலிருக்க உள்ளேயும் வெளியேயும் கெட்டியாக கிரீஸ் பூசியிருப்பார்கள். அது பெட்டிக்குள் இருக்கும் வரைக்கும்தான் நல்லது. நெய்வேலித் தூசி உங்களுக்குத் தெரியும். காலையில் துடைத்த பைக் சீட் சாயங்காலம் என்ன நிறத்தில் இருக்கும்? அந்தக் கரியும் சாம்பலும் கிரீஸோடு சேர்ந்தால் அது கிரீஸ் இல்லை, உப்புத்தாள்.

முறை இதுதான். தோட்டாக்களை வேறு அறையில் வைக்க வேண்டும். குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்க்க வேண்டும். அடியில் இருக்கிற தோட்டாக் குழாயையும் அப்படியே. அப்புறம்தான் கழற்றுவது. சால்வென்ட் தொட்ட பிரஷ், பிறகு துணி. துணி வெள்ளையாக வெளியே வரும் வரை. கடைசியில் எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. தலைக்கு வைப்பது போல வைத்தால் மறுபடி தூசி ஒட்டும்.

ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறோமே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கியில் பொட்டு வைத்த இடத்தில்தான் துரு இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் கும்பிட்டுவிட்டு 364 நாள் திரும்பிப் பார்க்காததற்குப் பெயர் பக்தியா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாங்கி மூன்று வாரம் இருக்கும். 12 மணி நேர டியூட்டி முடிந்து ராத்திரி சித்தப்பா வந்தார். "துப்பாக்கியோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சித்தப்பா" என்றேன். ஆமாம், நான்தான். "காலிதான்டா. இருந்தாலும் இரு" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திருப்பிப் பம்ப் செய்தார். ஒன்றும் வரவில்லை. குழாய் வழியாக விரலை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு தோட்டா இருந்தது.

நடந்தது இதுதான். முதல் நாள் குழலைச் சுத்தம் செய்தவர் தோட்டாக் குழாயைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார். உள்ளே கிரீஸும் தூசியும் சேர்ந்து ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டது. கடைசித் தோட்டா வெளியே வராமல் நின்றுவிட்டது. கிளையில் தோட்டாவை இறக்க ஒரு மூலை கிடையாது. ஷட்டர் இறக்குகிற அவசரத்தில், ஆட்கள் நடக்கிற வழியிலேயே இறக்கியிருக்கிறார். அந்தத் துப்பாக்கி உறைக்குள் பஸ்ஸில் வந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் யார் இருந்தார்களோ தெரியாது. சித்தப்பா கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"17 வருஷம் ராணுவத்தில் இருந்தவருக்கு இது தெரியாதா?" என்று கேட்பீர்கள். ராணுவ ரைஃபிளில் மேகஸினைக் கழற்றிக் கையில் எடுத்துவிடலாம், மிச்சம் அறையைப் பார்ப்பதுதான். பம்ப் துப்பாக்கியில் தோட்டாக்கள் கண்ணுக்குத் தெரியாமல் குழாய்க்குள் வரிசையில் நிற்கும். அறை காலியாக இருந்தாலும் ஒரு இழுப்பில் அடுத்தது வந்துவிடும். அதைவிட முக்கியம், அங்கே ஆயுதம் சுத்தம் செய்வது டியூட்டி. அதற்கு நேரம் உண்டு, பார்க்க ஆர்மரர் உண்டு. இங்கே அது அவர் தூக்கத்திலிருந்து எடுக்கிற நேரம். எண்ணெய்கூடச் சொந்தக் காசு.

நான் பி.காம். அதனால் கணக்கிலேயே சொல்கிறேன். ஸ்டாக், டார்ச் எல்லாம் முதலினச் செலவு, சுத்தம் செய்வது வருவாயினச் செலவு என்று பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தோம். முதல் செலவுக்கு எல்லோருக்கும் ஆசை, போட்டோவில் தெரியும். இரண்டாவது யாருக்கும் தெரியாது. அதிலும் இந்தத் துப்பாக்கி வங்கியின் சொத்தும் இல்லை, ஏஜென்சியின் சொத்தும் இல்லை. எனவே பராமரிப்பு யார் கணக்கிலும் வராது. பாதுகாப்பு மட்டும் அவர்களுக்கு, தேய்மானம் சித்தப்பாவுக்கு. இது எந்த ஊர் கணக்கு சார்?

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. டியூட்டி நேரத்துக்குள் சுத்தம் செய்ய அரை மணி நேரம். தோட்டா ஏற்ற இறக்க ஆள் வராத ஒரு மூலை, அங்கே மணல் நிரப்பிய ஒரு தொட்டி. வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸ் உள்ள கடையில் பரிசோதனை, அதன் பில் முதலாளிக்கு. ஒரு ஏ.சி. சர்வீஸ் செய்கிற காசு ஆகுமா?

இந்த ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2020-ல் மே மாதம் ஒரு தடவை, ஜூலை 1-ம் தேதி ஒரு தடவை இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து எத்தனை வீட்டில் அழுதோம். அதற்குப் பிறகு 'மெயின்டெனன்ஸ்' என்ற வார்த்தையை இங்கே யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. இரும்புக்கு நம் கெத்து தெரியாது மாப்ள. துடைத்தோமா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

டிஸ்கி: அந்த போட்டோவை நான் எடுக்கவே இல்லை. குரூப்பில் போட்ட பழசையும் அழித்துவிட்டேன். இப்போது சித்தப்பா வந்ததும் துணியும் பிரஷ்ஷும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. துப்பாக்கியைத் தொட எனக்கு லைசென்ஸ் இல்லை, தோட்டாக்களை எண்ணுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அவர் மேஜையில் அடுக்குவார், நான் சத்தமாக எண்ணுவேன். தினமும் எண்ணுகிறோம்.