5.56-ஆ, 7.62-ஆ? இந்திய ராணுவத்தின் தோட்டா குழப்பமும் திருச்சி துப்பாக்கியும்

மன்னார்புரத்தைத் தாண்டி டி.வி.எஸ் டோல்கேட், ஏர்போர்ட் வழியாகப் போனால் நவல்பட்டு. மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் தொடங்கப்பட்டது இங்கேதான். இங்கு தயாராகும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ சுடுவது 7.62×39 மி.மீ தோட்டா. ராணுவத்தின் பழைய இன்சாஸ் துப்பாக்கிக்கு 5.56×45. அமெரிக்காவிலிருந்து வாங்கிய சிக் 716-க்கு 7.62×51. ஒரே ராணுவத்துக்கு ஏன் இத்தனை ரகம்?

இந்த எண்கள் என்ன?

முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது தோட்டாக் கூட்டின் நீளம். இரண்டுமே 7.62 என்றாலும் 39-ஐ 51 சுடும் துப்பாக்கியில் போட முடியாது. கூடு நீளமானால் மருந்து அதிகம், வேகமும் அதிகம்.

எது பெஸ்ட்?

அது தூரத்தைப் பொறுத்தது. குண்டு கிளம்பும்போது உள்ள ஆற்றல் 5.56-க்கு சுமார் 1,700 ஜூல், 7.62×39-க்கு சுமார் 2,000, 7.62×51-க்கு சுமார் 3,300. மலை எல்லையில் 500 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்குக்கு கடைசி ரகம்தான் சரி. ஆனால் 100 தோட்டாவின் எடை 5.56-ல் சுமார் 1.2 கிலோ, 7.62×51-ல் அதைப்போல இரண்டு மடங்கு. தோளில் வாங்கும் உதையும் பலமாக இருக்கும்.

இந்தியா எப்படி முடிவெடுத்தது?

1960-களில் வந்த எஸ்.எல்.ஆர், 7.62×51 சுடும் செமி ஆட்டோமேட்டிக். 1990-களில் இன்சாஸ் வந்தது. எடை குறைவு, நிறைய தோட்டா சுமக்கலாம். எதிரி காயம்பட்டாலே அவரைத் தூக்க இன்னும் இருவர் தேவைப்படும் என்ற வாதமும் சொல்லப்பட்டது. ஆனால் காஷ்மீரில் தீவிரவாதிகளை நேருக்கு நேர் சந்தித்த வீரர்கள் ஏ.கே-47-ஐத்தான் விரும்பினார்கள்.

குழல் மாற்றி இரண்டு ரகமும் சுடும் ஒரே துப்பாக்கிக்கு 2011-ல் டெண்டர் விட்டார்கள். 2015-ல் அது ரத்தானது. 2019-ல் 72,400 சிக் 716 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், 2024-ல் மேலும் 73,000. எல்லா வீரர்களுக்கும் இதையே கொடுத்தால் செலவு தாங்காது. அதனால் 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஏ.கே-203-க்கு ரஷ்யாவுடன் கையெழுத்தானது. அதன் தோட்டா 7.62×39.

திருச்சிக்கு என்ன கிடைத்தது?

அதே தோட்டாவை திருச்சி துப்பாக்கி ஏற்கெனவே சுடுகிறது. ஆனால் அந்தப் பெரிய ஆர்டர் போனது உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவுக்கு. திருச்சி ஆலையை நடத்தும் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல் நிறுவனத்துக்கு அந்தக் கூட்டு நிறுவனத்தில் 42.5% பங்கு உண்டு. ஆனால் பங்கு இருப்பதால் நவல்பட்டு இயந்திரங்களுக்கு வேலை வந்துவிடாது. திருச்சி ரைஃபிளின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் போலீசும் துணை ராணுவப் படைகளும்தான்.

நாம வாங்க முடியுமா?

முடியாது. 7.62 மி.மீ ராணுவத் தோட்டா சுடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் ஆயுதச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் துப்பாக்கி செய்வதும் குற்றம்.

அடுத்து?

அமெரிக்க ராணுவம் 2022-ல் 6.8×51 என்ற புது அளவைத் தேர்ந்தெடுத்தது. 2024 ஜனவரியில் டி.ஆர்.டி.ஓ அறிமுகப்படுத்திய ‘உக்ரம்’ 7.62×51 ரகம். ஒரு அளவைத் தேர்ந்தெடுத்தால் குழல், மேகசின், தோட்டா ஆலை, பயிற்சி எல்லாமே சுமார் 30 வருஷத்துக்கு அதோடு கட்டுப்படும். மூன்றையும் வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டின் தோட்டா பக்கத்து யூனிட்டுக்கு உதவாது. சண்டை நடக்கும்போது அந்தச் சிக்கலைச் சமாளிக்க வேண்டியவர் எல்லையில் நிற்கும் வீரர்தான்.