டிரைவரின் ஆசனம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தகப்பனார் அழைத்ததன் பேரில், பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை சாலையை ஒட்டிய அவருடைய தோட்டத்துச் சாளைக்குப் போயிருந்தேன். இளநீர் குடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணினேன். இளநீரும் கிடைத்தது. ஆனால் அவருடைய உண்மையான நோக்கம் தம் டிராக்டரைக் காட்டுவதே என்பது சிறிது நேரத்தில் விளங்கிற்று.

"வாங்க வாத்தியாரய்யா, நம்ம வண்டியை ஒருக்காப் பாருங்க. கம்பெனிக்காரன் செஞ்சது பாதி, நாங்க செஞ்சது பாதிங்க" என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. இருபது வருஷத்துப் பழைய வண்டி. தலைக்கு மேலே இரும்புக் குழாய்களை வளைத்துத் தகரம் வேய்ந்திருந்தார்கள். தகரம் காயாமலிருக்க அதன் மேல் தென்னங்கீற்று. தோப்புக்குள் தாழ்ந்து தொங்கும் மட்டைகளில் இடிக்காதபடி, கூரை முழுவதும் பின்புறமாக மடிகிறது! ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி; தண்ணீர்ப் பாத்திரம் வைக்க ஒரு வளையம்; சாப்பாட்டுத் தூக்கை மாட்ட ஒரு கொக்கி; பின்னால் வரும் கலப்பையைப் பார்க்க ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளின் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பழைய லாரியின் ஆசனம், ஸ்பிரிங்குடன். அதன் மேல் நம் ஊர்த் தென்னை நார் அடைத்த மெத்தை.

"இத்தனையும் யாருடைய யோசனை?" என்று கேட்டேன். அவர் சற்றுத் தள்ளி நின்றிருந்த டிரைவரைக் காட்டினார். ஐம்பது வயதைக் கடந்த மனிதர், தோளில் துண்டு, வாயில் மௌனம்.

"மொதல்ல நான் ஒத்துக்கலீங்க. வண்டி ஓட்டறவனுக்கு மெத்தை எதுக்குன்னேன். போன வருஷம் உழவு நேரத்துல இவருக்கு இடுப்பு புடிச்சு ஒரு மாசம் படுத்துட்டாரு. சரி, நாமே ஓட்டுவோம்னு ஒரு நாள் ஓட்டினேனுங்க. மக்யா நாள் காலையில நேராப் பட்டறைக்குத்தான் போனேன்" என்று சிரித்தார்.

ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும் உண்மையை ஒரு வருஷம் சொல்லிக் கேட்டாலும் நாம் உணருவதில்லை! மோட்டார் காரில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. சாதாரண டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு அவை கிடையா. மண்கட்டியின் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேரே ஆசனத்துக்கு வந்து சேருகிறது. வினாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகளுக்கு மனிதனின் முதுகெலும்பு மிகவும் இளகிக் கொடுக்கும் என்கிறது சாஸ்திரம். உழவு வண்டியின் குலுக்கல் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே வருகிறது. ஆகவே லாரி ஆசனம் சொகுசு அன்று. அந்த மனிதரின் ஜீவனோபாயத்தைக் காக்கும் சாதனம்.

இம்மாதிரியான பட்டறை மூளை நம் பிரதேசத்துக்குப் புதிதல்ல. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, கல்லூரிப் படிப்பில்லாமலே யந்திரங்களின் மர்மத்தை அறிந்தவர். குஜராத்தில் அம்ரேலி ஜில்லாவைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, காளைகளை வைத்துக் காப்பாற்ற முடியாத குடியானவர்களுக்காக, 1994-ல் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரு சக்கரங்களும் கலப்பையும் பூட்டினார். அதற்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. கடல் கடந்தும் இதே கதைதான். ஆதிகால டிராக்டர்களில் கலப்பை வேரில் சிக்கினால், முன்புறம் எழும்பி வண்டி ஓட்டுபவன் மேலேயே கவிழ்ந்துவிடும். வட அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து மோட்டார் பட்டறையில் தொழில் பழகிய ஹாரி ஃபெர்குஸன், கலப்பையை மூன்று முனைகளில் வண்டியோடு பிணைக்கும் முறையைக் கண்டார். 1939-ல் அது ஃபோர்டு டிராக்டரில் ஏறியது; அந்த ஆபத்தும் பெருமளவு குறைந்தது. இன்று நம் தோட்டங்களில் ஓடும் டிராக்டர்களிலும் அந்த மூன்று முனைகளைக் காணலாம்.

இவ்வளவும் சொல்லி மகிழ்ந்த பிறகு, என் கண் வண்டியின் பின்புறம் சென்றது. மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது.

ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் மேல் இருக்க வேண்டிய மூடியைக் காணோம். கிரீஸ் வைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிவிட்டார்களாம். மட்கார்டின் மேல் ஒரு பலகை வேறு. அது பையன் உட்காருவதற்காம்.

நான் உபதேசம் செய்யவில்லை. பள்ளிக்கூட வழக்கப்படி பையனிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். "தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. வினாடிக்கு எத்தனை?"

"ஒன்பதுங்க சார்."

"தண்டின் சுற்றளவு 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். ஒரு வினாடியில் எவ்வளவு துணியை அது சுருட்டும்?"

பையன் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தான். "198 சென்டிமீட்டருங்க" என்றான். பிறகு அவனாகவே டிரைவரின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான். தகப்பனாரும் பார்த்தார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். தலைக்கு மேல் குழாய்கள் இருப்பதால் வண்டி கவிழ்ந்தாலும் காப்பாற்றும் என்று நினைக்கலாகாது. மடிகிற கூரை வெயிலுக்குத்தான் காவல். ஸ்வீடன் தேசத்தில் 1959 முதல் புது டிராக்டர்களுக்கு உறுதியான காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. அத்தகைய சட்டத்தைக் கணக்கிட்டுச் செய்து, பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஊர்ப் பட்டறையில் கண்ணளவில் பற்றவைப்பது அதற்கு ஈடாகாது.

சௌகரியம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். ஆசனம் போட்டது உடம்பைக் காக்கும் சௌகரியம். மூடியைக் கழற்றியது நேரத்தை மிச்சம் பிடிக்கும் சௌகரியம். முன்னதற்கு நூறு முறை கைதட்டலாம். பின்னது மிச்சம் பிடிப்பது ஐந்து நிமிஷம். பணயம் வைப்பதோ ஒரு குடும்பத்தை.

டிரைவர் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தார். "மூடி மாட்டுச் சாளையில கெடக்குதுங்க. அதுலயே கிரீஸ் கன் நுழையற மாதிரி ஒரு சின்னக் கதவு வெச்சுட்டா, கழட்ட வேண்டியதே இல்லீங்க. என்ஜினை நிறுத்திப்போட்டு வெச்சுக்கலாம்."

நான் படித்த பட்டப் படிப்பில் இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். நான் விடைபெறும்போது மட்கார்டுப் பலகையின் திருகுகளை அவர் கழற்றிக்கொண்டிருந்தார். பையனுக்கு மட்டும் என் மேல் சிறிது கோபம். பரீட்சைக்குள் தீர்ந்துவிடும்.