பழையது என்று தீர்ப்பளிப்பவர் யார்?

நம் காலத்திலே ஒரு புதிய மூடநம்பிக்கை பரவி வருகிறது. அதற்குக் கோயிலில்லை, பூசாரியில்லை. ஆனால் கடையுண்டு, விலைப்பட்டியல் உண்டு. பத்தாண்டு கடந்த கணினி செத்துப்போன பொருள் என்பதே அந்த நம்பிக்கை. படித்தவர்களே அதற்கு முதலிற் பலியாகின்றனர் என்பதுதான் வேதனை. பாடசாலையின் மேசைக் கணினி, நாற்பது நிமிடக் காணொளிப் பாடமொன்றைச் சுருக்கி முடிக்க இரண்டு மணி நேரம் எடுக்கிறது. உடனே, "இது இனி உதவாது, புதியது வாங்க வேண்டும், வாங்கப் பணமில்லை, ஆகவே காணொளிப் பாடமே வேண்டாம்" என்று நான்கே படிகளில் முடிவுக்கு வந்துவிடுவோர் நம்மிடையே பலர். இந்த நான்கு படிகளில் முதற்படியே பிழையானது என்பது நமது வாதம்.

இது வெறும் இயந்திர விவகாரமன்று. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலும் அதுபோன்ற பகுதிகளிலும் வாழும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி கைப்பேசித் திரைக்குள் புகுந்தது. பாடசாலைகள் பின்னர் திறந்தன. ஆயின் திரை மூடப்படவில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் கல்வி நிலையமும் உண்டு, அதன் காணொளியும் உண்டு. பணமில்லாத வீட்டுப் பிள்ளை நோயினாலோ வறுமையினாலோ மூன்று நாள் வகுப்பைத் தவறவிட்டால், அந்த மூன்று நாளும் என்றைக்குமாகத் தவறியவைதான். தன் ஆசிரியரின் குரலிலே, தான் அறிந்த தமிழிலே, விளங்காத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளக்கூடிய பாடம் அப்பிள்ளைக்குக் கிடைக்குமா என்பதே இங்குள்ள கேள்வி. அதற்கான கரும்பலகை நம்மிடம் உண்டு, ஆசிரியர் உண்டு, படம்பிடிக்கக் கைப்பேசியும் உண்டு. இடையிலே வழி மறித்து நிற்பது அந்தப் பழைய பெட்டியென்று சொல்லப்படுகிறது. அது உண்மைதானா?

காணொளியைச் சுருக்குதல் என்பது யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். முழு உயர்தரப் படமொன்று குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகளால் ஆனது. மொத்தம் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். அவற்றை அப்படியே எழுதி வைத்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 3 மெகாபைட்டு இடம் வேண்டும். வினாடிக்கு 25 படங்கள் வீதம் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று ஏறக்குறைய 186 கிகாபைட்டாகும். இதனை எந்தப் பிள்ளையின் கைப்பேசி தாங்கும்? வினாடிக்கு 2 மெகாபிட்டு என்ற அளவுக்குச் சுருக்கினால் அதே பாடம் 600 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. முந்நூறில் ஒரு பங்கு! கரும்பலகை அசைவதில்லை, ஆசிரியரின் கையே அசைகிறது. ஆகவே முன்னைய படத்துக்கும் பின்னைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாத்திரம் தேடிப் பதிவதே இந்த வித்தையின் உயிர்நாடி. கைப்பேசி தானும் ஒருமுறை சுருக்கியே தருகிறது. ஆயினும் நாம் வெட்டி, ஒட்டி, தலைப்பிட்டு முடித்த பின்னர் எல்லாவற்றையும் விரித்து மீண்டும் சுருக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேடல் முழுவதும் கணக்கு. கணக்குப் போடுவது செயலி. நேரம் செலவாவது அங்கேதான்.

இவ்வுண்மை தெரியாதவரிடம் எதையும் விற்றுவிடலாம். "வேகம் போதவில்லையா? எஸ்.எஸ்.டி. போடுங்கள்" என்பார் ஒருவர். பழைய வன்தட்டுக்குப் பதிலாக அதைப் பொருத்தினால் கணினி விரைவாக எழும்பும், கோப்புகள் விரைவாகத் திறக்கும், நல்லதே. ஆனால் காணொளியைச் சுருக்கும் நேரம் ஏறக்குறைய இருந்தபடியேதான் இருக்கும். "நினைவகத்தைக் கூட்டுங்கள்" என்பார் இன்னொருவர். 4 கிகாபைட்டை 8 ஆக்கினால் வெட்டி ஒட்டும் வேலை இலகுவாகும். 8ஐ 16 ஆக்கினால் சுருக்கும் வேலையில் கண்ணுக்குத் தெரியும் பயன் பெரும்பாலும் இராது. "புதிய வரைகலை அட்டை" என்று மூன்றாமவர் நீட்டுவார். என்விடியாவின் ஜி.டி. 1030 என்னும் மலிவான அட்டை, காணொளியைச் சுருக்கும் தனிச்சுற்றே இல்லாமல் வெளிவந்தது. இருக்கும் பணத்தை அதற்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஆசிரியர், ஆழமறியாமற் காலை விட்டவர் போன்றவரே. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்று விற்கப்படுகிறது. வறியவனின் அறியாமைக்கும் சந்தையிலே விலையுண்டு. அதைச் செலுத்துபவனும் வறியவனே.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? செலவில்லாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுக்கணக்கிலே தூசியும் உப்புக்காற்றும் உண்டு கிடக்கும் விசிறியைத் துப்புரவாக்கி, செயலியின் மேலுள்ள காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுங்கள். சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. பல பெட்டிகளின் 'முதுமை' இந்தத் தூசிதான். அடுத்து, படத்தின் அளவு. கரும்பலகைப் பாடத்தைப் பிள்ளை பார்ப்பது கைப்பேசியின் சிறு திரையில். எழுத்துப் பெரிதாயிருந்தால் 1280க்கு 720 புள்ளிகளே போதும். புள்ளிகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்குகிறது, வேலையும் இறங்குகிறது, பெற்றோரின் இணையச் செலவும் இறங்குகிறது. மூன்றாவது, மென்பொருள். எக்ஸ்264 என்னும் கட்டற்ற மென்பொருளிலே வேகத்துக்கெனப் பத்துப் படிகள் உண்டு. நடுப்படியை விட்டு விரைவான படி ஒன்றைத் தெரிந்தால் கோப்பு சற்றே பருக்கும், நேரம் பெரிதும் குறையும். எஃப்.எஃப்.எம்பெக், ஹாண்ட்பிரேக் முதலான இலவசக் கருவிகள் இதனை எவருக்கும் கைக்கெட்டச் செய்துள்ளன.

நான்காவது, பெட்டிக்குள்ளேயே உறங்கும் புதையல். இன்ரெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகள் தொட்டு, ஒருங்கிணைந்த வரைகலையுள்ளவற்றிலே எச்.264 முறையிற் சுருக்குவதற்கென்று தனிச்சுற்று ஒன்று அமைந்திருக்கிறது. பழைய தலைமுறைகளிலே அதன் நேர்த்தி சற்றுக் குறைவு. அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். ஆனால் வேகமோ பன்மடங்கு. பணம் கொடுத்து வாங்கிய அச்சுற்று, இருப்பதே அறியப்படாமல் எத்தனை பாடசாலைகளிற் கிடக்கிறது! இவை எல்லாம் போதாதபோதே பணப்பையைத் திறக்க வேண்டும். 2013இன் நான்காம் தலைமுறைத் தாய்ப்பலகையில் இரண்டு கருக்கள் கொண்ட ஐ3 இருந்தால், அதே பொருத்துவாயில் நான்கு கருக்கள் கொண்ட பழைய ஐ5 அல்லது ஐ7 அமரும். சுருக்கும் நேரம் ஏறத்தாழ அரைவாசியாகும். பலகை அதனை ஏற்குமா, குளிர்விப்பான் தாங்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலே வேண்டுமாயின், சுருக்கும் சுற்றுள்ள பழைய வரைகலை அட்டை ஒன்று. 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 வகையிற் பெரும்பாலானவை தனி மின்னிணைப்புக் கேளாதவை. ஆகவே சிறிய மின்வழங்கியுள்ள அலுவலகப் பெட்டியிலும் அமரக்கூடியவை.

இனி, 'பழையது' என்ற தீர்ப்பை எழுதுபவர் யாரென்று பார்ப்போம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021இல் வெளியிட்ட விண்டோஸ் 11, சிற்சில விலக்குகள் தவிர, 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்ரெல் செயலிகளை ஏற்பதில்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிக்கப்பட்டது. அன்றைய தினம் எந்தக் கணினியின் கருவும் கூட்டல் கழித்தலை மறந்துவிடவில்லை. காலையிற் கணக்குப் போட்ட செயலி மாலையிலும் போட்டது. ஒரு நிறுவனத்தின் அலுவலக முடிவொன்று, உலகெங்கும் உழைக்கக்கூடிய இயந்திரங்களைக் குப்பை என்று பெயரிட்டது, அவ்வளவே. லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் அதே பெட்டி பாதுகாப்புத் திருத்தங்களுடன் தொடர்ந்து உழைக்கும். உரிமக் கட்டணமும் இல்லை.

புதியது வாங்கும் வழியாவது நேராக இருக்கிறதா? 2022இலே ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுள் 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளின் விலையும் அன்று ஏறியது. ஆசிரியரின் சம்பளம் அந்த விகிதத்தில் ஏறவில்லை. 2025இன் பிற்பகுதியிலே செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரி எடுக்க, உலகச் சந்தையிலே அவற்றின் விலை பாய்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண நுகர்வோருக்கான தன் குருசியல் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பெருங்கம்பனிகள் பந்தியில் அமர்ந்தபின் பாடசாலைக்கு எச்சிலிலைதான் மிச்சம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

நம் கண்ணெதிரே ஓர் உவமை நிற்கிறது. உள்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தையொட்டிப் பிரித்தானியர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் 99 உள்ளன. அவற்றைப் பழசென்று எவரும் ஒதுக்கவில்லை. 2022 ஜனவரியிலே இரு நாடுகளின் நிறுவனங்கள் அமர்ந்து, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று பங்கிட்டு ஒப்பந்தம் செய்தன. எண்பதாண்டு கண்ட இரும்பு அவர்களுக்குச் சொத்து. பத்தாண்டு கண்ட கணினி நமக்குக் குப்பை! பொருளின் வயது அன்று, அதனை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதே அதன் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. அவர்களுக்கு விளங்கிய இப்பாடம் நமக்கு மாத்திரம் ஏன் விளங்கக்கூடாது?

இதனைப் 'பிச்சைக்காரத் திருப்தி' என்று சிலர் ஏளனம் செய்யக்கூடும். ஒட்டுப்போட்டு வாழச் சொல்வது அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாதா என்றும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, விடையும் தெளிவானது. ஒவ்வொரு பாடசாலைக்கும் நல்ல கணினி வழங்குவது அரசின் கடமை, அதைக் கேட்பது உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் தன்னிடமுள்ள கருவியின் உள்ளுறுப்பை அறியாதவன் புதியதைப் பெற்றாலும் ஐந்தாண்டில் மீண்டும் கையேந்தியே நிற்பான். நாடா வெட்டித் திறந்துவைத்த கணினி அறைகள், திறப்புவிழாப் படத்துடன் பூட்டப்பட்டுக் கிடந்த கதையை நாடறியும். எல்லாப் பெட்டியையும் காப்பாற்றலாம் என்றும் நாம் சொல்லவில்லை. 2011க்கு முற்பட்ட செயலிகளில் அந்தச் சுருக்குச் சுற்று கிடையாது. மின்சாரத்தையும் அவை தாராளமாகக் குடிக்கும். திருத்தச் செலவு, நல்ல நிலையிலுள்ள பிந்திய பழைய கணினி ஒன்றின் விலையை நெருங்குமானால் அங்கே நிறுத்திக்கொள்வதே அறிவு. ஆராயாமல் எறிவது எவ்வளவு மூடத்தனமோ, ஆராயாமற் கட்டியழுவதும் அவ்வளவே.

ஆகவே ஆசிரிய நண்பர்களையும் மாணவரையும் நாம் கேட்பது இதுதான். பாடசாலை மூலையிலே துணி போர்த்திக் கிடக்கும் பெட்டிகளை ஒரு சனிக்கிழமை திறந்து வையுங்கள். செயலியின் பெயரையும் ஆண்டையும் மாணவர் தம் கையாலே குறித்துக்கொள்ளட்டும். எந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பாடத்தைச் சுருக்கி, நிமிடங்களை அளந்து எழுதட்டும்; விற்பவர் சொல்லைவிட அந்தக் கொப்பி நம்பத்தக்கது. பகலிலே படம்பிடித்து, பாடங்களை வரிசையிலிட்டு, இரவிலே கணினியைச் சுருக்க விடுங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மணியானாலும் எட்டு மணி நேர இரவொன்றிலே நான்கு பாடங்கள் ஆயத்தமாகும். ஐந்து இரவுகளில் இருபது. லிங்கநகரின் பிள்ளை காலையிலே திரையைத் தொடும்போது, பாடத்தைச் சுருக்கிய பெட்டியின் வயதை அது கேட்கப்போவதில்லை. பாடம் வந்ததா என்றே கேட்கும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் கடைக்காரர்கள் அல்லர்; நாம்.