சங்கிலி அடித்தவர்களின் பேச்சு கொச்சையா?

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு மேற்கே 'பிளாக் கன்ட்ரி'. நிலக்கரியும் இரும்பும் வளர்த்த வட்டாரம். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டாலே மற்றவர்களுக்குச் சிரிப்பு... படிக்காதவன் பேச்சாம்!

சிரிக்கிறவர்களே, ஒரு கேள்வி. 'உன்னை' என்பதற்கு 'தீ' என்று ஷேக்ஸ்பியர் எழுதினால் இலக்கியம், பட்டறைக்காரர் சொன்னால் கொச்சையா?

1910-ல் கிராட்லி ஹீத்தில், கொல்லைப்புறப் பட்டறைகளில் சங்கிலி அடித்த பெண்கள் மேரி மெக்கார்தர் தலைமையில் 10 வாரம் வேலைநிறுத்தம் செய்து, மணிக்கு 2½ பென்னி குறைந்தபட்சக் கூலியை வாங்கிக் காட்டினார்கள். அவர்கள் பேசியதும் இதே "கொச்சை"தான்!

இன்று 1911 கணக்கெடுப்புத் தாளில் கொள்ளுப்பாட்டியைத் தேடுகிறார்கள். பெயர், வயது, தொழில் கிடைக்கும். குரல் கிடைக்காது. அது பேச்சில்தான் மிச்சமிருக்கிறது. பெயருக்குச் சட்டம் மாட்டிவிட்டுப் பேச்சுக்கு வெட்கப்பட்டால், அதற்குப் பெயர் வேர் தேடலா?